முடியவில்லையா, விடவில்லையா?

கொட்டாஞ்சேனையிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் புறப்பட்ட ஜீப்புக்குப் பிக்கப் குறைந்திருக்கிறது என்பது பேலியகொடையைத் தாண்டும்போதுதான் தெரியவரும். ஜம்பட்டா வீதியில் ஓட்டோக்களுக்கு நடுவில் ஊரும்வரை எந்த எஞ்சினும் நல்ல எஞ்சின்தான். அதிவேகப் பாதைக்குள் நுழையும் அந்தச் சிறு துண்டில், பின்னால் விரைந்து வரும் வாகனங்களின் வேகத்தை எட்டிப்பிடிக்க அக்சிலேட்டரை மிதிக்கும்போது குட்டு வெளிப்பட்டுவிடும். சத்தம் கூடும், வேகம் கூடாது. வெள்ளவத்தைக்காரருக்கு இதே சோதனை தெற்கு அதிவேகப் பாதையிலோ, கண்டிக்குப் போகும் வழியில் கடுகண்ணாவை ஏற்றத்திலோ நடக்கும்.

மறுநாள் கராஜில் நடப்பது பலருக்கும் மனப்பாடம். "அண்ணை, வாகனம் இழுக்குதில்லை." "கொண்டு வாங்கோ, ஸ்கேன் அடிச்சுப் பாப்பம்." ஸ்கேனரில் ஒரு கோட் விழும். அந்தக் கோட்டின் பெயரிலுள்ள சென்சர் பஞ்சிகாவத்தையிலிருந்து வந்து சேரும். எச்சரிக்கை விளக்கு அணையும்; இரண்டு கிழமையில் திரும்பவும் எரியும். பிறகு இன்னொரு சென்சர், அதன் பிறகு பெற்றோல் பம்ப், கடைசியில் டர்போவே மாற்ற வேண்டும் என்ற பேச்சு. இப்படிக் காசு கரைவதை மெக்கானிக்கின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. எந்தச் சாமான் பழுது என்று தொடங்குவதே தப்பான தொடக்கம். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: எஞ்சினுக்கு இழுக்க முடியவில்லையா, அல்லது அதை ஆளும் கணினி இழுக்க விடவில்லையா?

கேபிள் போய்க் கணினி வந்தது

பழைய மிட்சுபிஷி லான்சரில் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. அக்சிலேட்டருக்கும் கார்ப்பரேட்டருக்கும் இடையே ஒரு கேபிள் ஓடியது. கால் எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு வால்வு திறந்தது. வாகனம் இழுக்கவில்லை என்றால் எஞ்சினுக்கு முடியவில்லை, அவ்வளவுதான்.

இன்றைய வாகனத்தில் அந்தக் கேபிள் இல்லை. பெடலோடு இரண்டு சென்சர்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஒரே அசைவை இரண்டும் தனித்தனியே அளந்து வோல்ட்டாகச் சொல்கின்றன. பல வாகனங்களில் ஒன்று மற்றதன் இரு மடங்கு. ஒன்று 1 வோல்ட் காட்டும்போது மற்றது 2 வோல்ட் காட்ட வேண்டும். காற்றைத் திறந்துவிடும் த்ரொட்டில் வால்விலும் இதேபோல் இரட்டைச் சென்சர் உண்டு. இரண்டின் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் கணினி இரண்டையுமே நம்பாது. வீடு போய்ச் சேர்வதற்கு வேண்டிய வலுவை மட்டும் கொடுத்து, மிச்சத்தைப் பூட்டி வைத்துவிடும். கராஜ்களில் 'லிம்ப் மோட்' என்று சொல்லப்படும் நொண்டிநடை இதுதான். எஞ்சின் 3,000 சுற்றை ஒட்டியே நின்றுவிடுவதும், கியர் ஒரே இடத்தில் பூட்டிக்கொள்வதும் இதன் அடையாளங்கள்.

கொழும்பில் இதற்கு ஒரு விசேட காரணமும் இருக்கிறது. காலி வீதியிலிருந்து மரைன் டிரைவுக்கு இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஆண்டுக்கணக்கில் வெளியே நிற்கும் வாகனத்தின் பொனட்டைத் திறந்து, த்ரொட்டிலுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். செம்புப் பின்களின் நுனியில் பச்சைப் பூச்சு படிந்திருந்தால் அது உப்புக்காற்றின் வேலை. அந்தப் பூச்சு மின்தடையைக் கூட்டும். வோல்ட் சற்றே இறங்கும். கணினியின் கணக்குப் பிசகும். சென்சருக்கு ஒன்றும் ஆகியிராது. கனெக்டர் துப்புரவுத் திரவமும் ஒரு சிறு தூரிகையும் போதுமான இடத்தில், புதிய த்ரொட்டில் வாங்கிப் போடுவது இப்படித்தான் நடக்கிறது.

பெடலிலிருந்து வரும் வேண்டுகோளைப் பெற்றதும் கணினி உடனே கொடுத்துவிடாது. தண்ணீர் கொதிக்கிறதா, கியர் ஒயில் சூடேறியிருக்கிறதா, சிலிண்டரில் தட்டல் கேட்கிறதா, டர்போ அழுத்தம் எல்லைக்குள் இருக்கிறதா, சக்கரம் சறுக்குகிறதா, ஹைபிரிட் என்றால் பற்றரி எந்த நிலையில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும். இவை ஒவ்வொன்றும் ஓர் உச்சவரம்பு விதிக்கின்றன. அவற்றில் எது மிகக் குறைவோ அதுவே செல்லும்.

ஆகவே முதல் சோதனைக்கு எந்தச் சாமானையும் கழற்ற வேண்டியதில்லை. வெறுமையான நேரான பாதையில் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பக்கத்தில் ஸ்கேனரோடு இருந்து இரண்டு வரிகளை மட்டும் பார்க்க வேண்டும்: பெடல் எத்தனை சதவீதம், த்ரொட்டில் எத்தனை சதவீதம். பெற்றோல் வாகனத்தில் பெடல் 90ஐத் தாண்டியும் த்ரொட்டில் 30, 40 என்று நின்றால் கணினி தடுக்கிறது. இரண்டும் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் எஞ்சினுக்கோ அதன் பிறகுள்ள உறுப்புகளுக்கோ முடியவில்லை. டீசலில் த்ரொட்டிலுக்கு வேறு வேலை. அங்கே கணினி கேட்ட டர்போ அழுத்தத்தையும் கிடைத்த அழுத்தத்தையும் ஒப்பிட வேண்டும்.

ஸ்கேனர் இல்லாதவருக்கும் ஒரு குறிப்பு. இழுவை திடீரென்று போய், நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் செய்ததும் சிறிது நேரம் சரியாகிவிட்டால் அது பெரும்பாலும் கணினியின் தடை. மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்திருந்தால் அது பெரும்பாலும் எஞ்சினின் இயலாமை.

ஒரு லீற்றருக்கு ஒன்பதாயிரம் லீற்றர்

இயலாமை எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்கச் சிறு கணக்கு ஒன்று போடுவோம். 1,600 கிலோ எடையுள்ள ஜீப்பை நின்ற நிலையிலிருந்து மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்துக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 395 கிலோஜூல் சக்தி வேண்டும். அதை 8 விநாடியில் கொடுக்க வேண்டுமானால் சக்கரத்தில் சராசரியாக 49 கிலோவாட், அதாவது சுமார் 66 குதிரைத்திறன் இறங்க வேண்டும். காற்றின் எதிர்ப்பு, ரயரின் உராய்வு, கியர் பெட்டியின் இழப்பு எல்லாம் இதற்கு மேல்.

அந்தச் சக்தி பெற்றோலில் இருக்கிறது. ஆனால் பெற்றோல் எரியக் காற்று வேண்டும். நிறை அளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று. ஒரு லீற்றர் பெற்றோலை முழுதாக எரிக்க ஏறத்தாழ 11 கிலோ காற்றுத் தேவை. கொழும்பின் வெப்பத்தில் அது 9,000 லீற்றருக்கும் மேல். எரிபொருளை விரும்பிய அளவு தெளிக்கலாம். காற்றை உள்ளே சேர்ப்பதுதான் சிரமம். எஞ்சினின் வலு என்பது ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் எத்தனை கிராம் காற்று போய்ச் சேர்கிறது என்பதுதான்.

கிராம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 20 பாகை செல்சியஸில் ஒரு கன மீற்றர் காற்று 1.2 கிலோ, 40 பாகையில் 1.13 கிலோ. நண்பகலில் பம்பலப்பிட்டிச் சந்தியில் நிற்கும் வாகனத்தின் பொனட்டுக்குள் காற்று அதைவிடவும் சூடாக இருக்கும். ஜப்பானில் குளிர்காலத்தில் ஓடிய அதே வாகனம் இங்கே சற்று மந்தமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அந்தச் சில சதவீதம் பழுதல்ல, தட்பவெப்பம். அதற்கு மருந்து தேடிக் காசு செலவழிக்க வேண்டாம்.

பல எஞ்சின்களில் காற்றை எடை போடுவது எயார் பில்டருக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறு சென்சர். மின்சாரத்தால் சூடேற்றிய மெல்லிய இழை ஒன்று காற்றோட்டத்தில் நிற்கும். சூடான தேநீரை ஊதினால் ஆறுவதுபோல், காற்று கூடினால் இழை குளிரும். சூட்டைக் காக்கக் கூடுதல் மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்தின் அளவே காற்றின் அளவு. இழையில் தூசோ எண்ணெய்ப் படலமோ ஒட்டினால் குளிர்ச்சி குறையும். காற்று குறைவாக வருகிறது என்று அது தவறாகச் சொல்லும். கணினியும் அதை நம்பிப் பெற்றோலைக் குறைக்கும்.

அதே கோட், இரண்டு நோய்கள்

இந்தத் தவறை வெளியேறும் புகை காட்டிக்கொடுக்கிறது. சைலன்சர் பாதையில் உள்ள ஒட்சிசன் சென்சர் எரியாமல் மிஞ்சிய ஒட்சிசனைக் கண்டு, பெற்றோல் போதவில்லை என்று சொல்லும். கணினி அதற்கேற்பக் கூட்டித் தெளிக்கும். எத்தனை சதவீதம் கூட்டியது, குறைத்தது என்பதை ஸ்கேனரில் 'ஃபியூவல் டிரிம்' என்ற வரி காட்டும். 5 சதவீதம் கூடக்குறைய இருந்தால் கவலையில்லை. 10ஐத் தாண்டினால் தேட வேண்டும். 25ஐ நெருங்கினால் கணினிக்குத் திருத்தும் இடம் தீர்ந்துபோகும். அப்போதுதான் பி0171 என்ற கோட் விழும்: கலவையில் பெற்றோல் குறைவு.

இந்தக் கோட்டைப் பார்த்து ஒட்சிசன் சென்சரை மாற்றுவது, உண்மை சொன்ன சாட்சியை அடைத்து வைப்பதற்குச் சமம். செய்ய வேண்டியது, டிரிம்மை இரண்டு நிலைகளில் பார்ப்பது: சும்மா நிற்கும்போது ஒன்று, 2,500 சுற்றில் ஒன்று. நிற்கும்போது 20 சதவீதம் இருந்து, சுற்றுக் கூடியதும் 5ஆக இறங்கினால் எங்கோ ஒரு குழாயில் வெடிப்பு. சென்சரைத் தாண்டிய பிறகு கணக்கில் வராத காற்று உள்ளே கசிகிறது. மொத்தக் காற்று கூடும்போது அந்தக் கசிவின் பங்கு சிறுத்துவிடுவதால் எண்ணும் இறங்குகிறது. மாறாக, நிற்கும்போது சரியாக இருந்து, ஏற்றத்தில் ஏற ஏற டிரிம்மும் ஏறினால் இழை அழுக்காகியிருக்க வேண்டும், அல்லது பெற்றோல் பம்ப் தளர்ந்திருக்க வேண்டும். அழுத்தமானி ஒன்றை மாட்டினால் அந்த இரண்டில் எது என்பதும் தெரிந்துவிடும். கோட் ஒன்றுதான், நோய்கள் வேறு, செலவும் வேறு.

கோட் ஏன் நோயைச் சொல்வதில்லை என்பது ஸ்கேனர் மாட்டும் 16 பின் துவாரத்தின் பிறப்பை அறிந்தால் விளங்கும். கலிபோர்னியாவின் காற்றுமாசைக் கட்டுப்படுத்த எழுந்த சட்டங்களிலிருந்து அது வந்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்ற கார்கள் எல்லாவற்றிலும் கட்டாயமானது. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001 முதல். புகை எல்லை மீறுகிறதா என்று கண்காணிப்பதே அதன் பிறவி நோக்கம். பிக்கப் இல்லை என்பதற்கென்று அதில் ஒரு கோட் கிடையாது.

இலங்கையில் இந்தத் தேடலுக்கு இன்னொரு துணை உண்டு. 2008இல் தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனையின் சான்றிதழை ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரத்துக்காக எடுக்கிறோம். எடுத்த வேலை முடிந்ததும் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெற்றோல் வாகனத்தின் சான்றிதழில் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். முன்னையது ஆண்டுக்காண்டு ஏறினால் பெற்றோல் கூடுதலாக எரிகிறது. பின்னையது ஏறினால் ஏதோ ஒரு சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. பிளக்கையும் கொயிலையும் முதலில் பாருங்கள். டீசலில் புகையின் அடர்த்தி எண் இருக்கும். மூன்று நான்கு ஆண்டுச் சான்றிதழ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இலவசமாக ஒரு நோய்க்குறிப்பு கிடைத்துவிடும்.

ரைஸ் விட்ஸ் ஆகும்போது

இலங்கையில் வாகனத் தீர்வை எஞ்சின் கொள்ளளவைப் பார்த்துப் போடப்படுகிறது. 1,000 சிசிக்குள் அடங்கும் டர்போ வாகனங்களுக்குக் கொழும்பில் இருக்கும் மவுசுக்கு அதுவே காரணம். டொயோட்டா ரைஸ் டர்போவின் எஞ்சின் 996 சிசி, 98 குதிரைத்திறன். அதே குடும்பத்து எஞ்சின் டர்போ இல்லாமல் விட்ஸில் இருக்கும்போது சுமார் 70தான். ஆகவே டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் ரைஸ் ஒரு விட்ஸாகிவிடும்.

டர்போ என்பது வெளியேறும் புகையால் சுழன்று, உள்ளே போகும் காற்றை அமுக்கும் விசிறி. அமுக்கிய காற்று சூடாகும் என்பதால் இண்டர்கூலரில் குளிர்வித்து அனுப்புவார்கள். இந்தப் பாதையில் அழுத்தம் போதாவிட்டால் பி0299 விழும். டர்போ போய்விட்டது என்று அந்தக் கோட்டைப் படிப்பவர்கள் பலர். அது சொல்வது, கேட்ட அழுத்தம் கிடைக்கவில்லை என்பது மட்டுமே.

டர்போவைக் கழற்றுவதற்கு முன், காற்றுப் பாதையின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் குறைந்த அழுத்தத்தில் காற்றை ஏற்றி, குழாய் முழுவதும் சவர்க்காரத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். ஆரோக்கியமான ரப்பரில் தண்ணீர் வழிந்து போகும். கிளிப் இறுக்கும் ஓரத்தில் கீறல் இருந்தால் முதலில் சிறு குமிழ் ஒன்று எழும். அது வெடிப்பதற்குள் பக்கத்தில் நுரை பொங்கும். கைக்குத் தெரியாத கீறல், எஞ்சின் நின்றிருக்கும்போது மூடிக்கிடந்து, அழுத்தம் ஏறும்போது மட்டும் வாய் திறக்கும் கீறல், இதில் தப்பாது. இண்டர்கூலரின் அடியில் எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த இடத்தையும் கவனிக்க வேண்டும். காற்றோடு கொஞ்சம் ஒயிலும் போவதால், கசியும் இடம் தானே தன்னை அடையாளம் காட்டும்.

குழாயில் குற்றமில்லை என்றால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு, அதை அசைக்கும் அக்சுவேட்டர், அதற்குப் போகும் சிறு வக்யூம் குழாய் என்று பார்த்துக்கொண்டு போக வேண்டும். டீசல் ஜீப்புகளில் டர்போவுக்குள் கோணம் மாற்றும் சிறு தகடுகள் இருக்கும். நகரத்துக்குள்ளேயே ஊர்ந்த வாகனத்தில் அவை கரியில் ஒட்டிக்கொள்ளும். கழற்றித் துப்புரவு செய்தால் பல டர்போக்கள் உயிர்பிழைக்கும்.

டாங்கி முதல் சைலன்சர் வரை

எரிபொருளில் முதலில் ஒக்டேன் பேச்சு வரும். 95 அடித்தால் பிக்கப் கூடும் என்பது பரவலான நம்பிக்கை. ஒக்டேன் என்பது எரிபொருளின் வலுவை அளக்கும் எண் அன்று. அமுக்கத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாக்குப்பிடிக்கும் தன்மையை அளப்பது. ஜப்பானில் சாதாரணப் பெற்றோலின் குறைந்தபட்சத் தரம் 89. அந்தப் பெற்றோலுக்கென்று அங்கே செய்யப்பட்ட வாகனத்துக்கு இங்குள்ள 92 தாராளம். 95 அடிப்பதால் பெரிய லாபமில்லை. ஆனால் மூடியின் உட்புறத்தில் 95 என்று எழுதியிருக்கும் ஐரோப்பிய டர்போவில் 92 அடித்தால் சிலிண்டருக்குள் தட்டல் தொடங்கும். அதைக் கேட்கும் சென்சர் கணினிக்குச் சொல்ல, கணினி தீப்பொறியைப் பிந்தவைக்கும். எஞ்சின் தப்பும், இழுவை குறையும். விளக்கு எரியாது, கோட்டும் விழாது. 'விடவில்லை' என்ற வகைக்கு இது நல்ல உதாரணம். இதன் வைத்தியம் அடுத்த டாங்கி பெற்றோல்.

டீசலில் கதை அழுத்தத்தைப் பற்றியது. இன்றைய கொமன் ரெயில் எஞ்சின் சும்மா நிற்கும்போதே 300 பார் அளவில் டீசலை வைத்திருக்கும். முழு வலுவில் 1,600 பாரையும் தாண்டும். இந்த அழுத்தத்தில் ஒரு துளித் தண்ணீரும் ஒரு மணல் பருக்கையும் இன்ஜெக்டரின் நுண்துளைகளைக் கெடுத்துவிடும். 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் நாட்கணக்கில் வரிசையில் நின்று, கிடைத்ததைக் கான்களிலும் பீப்பாய்களிலும் சேமித்து வைத்தோம். அப்படி வைத்த டீசலில் தண்ணீர் சேர்வது எளிது. அந்தக் காலத்தைக் கடந்துவந்த ஜீப்பில் டாங்கியின் அடியையும் பில்டரையும் பார்க்காமல் பம்பைக் குற்றம் சொல்லக் கூடாது.

இன்ஜெக்டரைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் டாங்கிக்குத் திரும்பிப் போகும் டீசலை, ஒளிபுகும் மெல்லிய குழாய் வழியே தனித்தனிப் போத்தலில் பிடிப்பார்கள். எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, நான்கு போத்தல்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் போதும். மூன்றில் ஒரே மட்டமும் ஒன்றில் அதன் இரு மடங்கும் இருந்தால் குற்றவாளி அந்த ஒன்றுதான். நான்கையும் மாற்றச் சொல்பவரிடம் இந்தப் போத்தல்களைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். நான்கிலும் மட்டம் குறைவாக இருந்து அழுத்தமும் ஏறவில்லை என்றால், பார்வை உயரழுத்தப் பம்பின் அளவுக் கட்டுப்பாட்டு வால்வுக்குப் போக வேண்டும்.

உள்ளே போனது வெளியேயும் போக வேண்டும். பெற்றோல் வாகனத்தின் கட்டலிட்டிக் கொன்வர்ட்டர் அடைத்துக்கொண்டால் புதிய காற்றுக்கு இடம் கிடைக்காது. ஒட்சிசன் சென்சரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியை மாட்டி 2,500 சுற்றில் பார்த்தால் 0.2 பாருக்குள் இருக்க வேண்டும். கொன்வர்ட்டர் தானாக அடைத்துக்கொள்வது அரிது. கெட்டுப்போன கொயில் ஒன்றால் எரியாத பெற்றோல் அங்கே போய் எரிந்து உள்ளிருக்கும் தேன்கூட்டை உருக்கியிருக்கும். கொயிலை விட்டுவிட்டுக் கொன்வர்ட்டரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.

டீசலில் அந்த இடத்தில் டிபிஎப் எனப்படும் கரிவடி இருக்கும். சேர்ந்த கரியை எரிக்க அதற்கு ஏறத்தாழ 600 பாகை வெப்பம் வேண்டும். அதற்குத் தடையில்லாத நல்ல ஓட்டம் வேண்டும். காலையில் பாடசாலை, மாலையில் டியூஷன், இடையில் சந்தை என்று வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையிலேயே ஓடும் ஜீப்புக்கு அந்த வாய்ப்பு வராது. கரி எல்லையைத் தாண்டியதும் கணினி வலுவைக் குறைக்கும். எரிபொருளுக்கும் இதில் பங்கு உண்டு. 2018 முதல் கிடைக்கும் யூரோ 4 சுப்பர் டீசலில் கந்தகத்தின் எல்லை பத்து இலட்சத்தில் 50 பங்கு. சாதாரண ஓட்டோ டீசலில் அதைவிடப் பல மடங்கு.

இருந்தாலும் எல்லாப் பழியையும் ஓட்டுபவர்மேல் போட முடியாது. 2015 ஒக்டோபருக்கும் 2020 ஏப்ரலுக்கும் இடையில் அவுஸ்திரேலியாவில் விற்ற டொயோட்டா ஹைலக்ஸ், போர்ச்சூனர், பிராடோ டீசல் வாகனங்கள் சுமார் 2,60,000இன் கரிவடி அமைப்பில் வடிவமைப்புக் குறை இருந்தது என்று அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அங்கே சிக்கல், மணிக்கு 100 கிலோமீற்றரில் சீராக நீண்ட தூரம் ஓடியபோதே தலைகாட்டியது. நகரத்தில் ஓட்டியதால்தான் அடைத்தது என்று யாராவது கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் இந்த வழக்கை நினைவூட்டலாம். கரிவடியை வெட்டி எடுத்துவிடுவதும் தீர்வாகாது. அந்தக் கரி பிறகு வீதியில் நடப்பவரின் நெஞ்சுக்குள் போகும்.

எஞ்சின் நிரபராதியாக இருக்கும்போது

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், 2014இலும் 2015இலும் ரீகண்டிஷனாக வந்த ஹைபிரிட்கள் இங்கேயே முதுமையடைந்தன. அவற்றில் பிக்கப் குறைந்தால் எஞ்சினை விட்டுவிட்டுப் பற்றரியை முதலில் பார்க்க வேண்டும்.

ஹொண்டா வெசல் ஹைபிரிட்டில் எஞ்சினின் உச்ச முறுக்கு 156 நியூட்டன் மீற்றர். மின் மோட்டாரின் உச்சம் 160. எஞ்சின் தன் உச்சத்தை உயர் சுற்றில் எட்டும். மோட்டாரோ தாழ்ந்த சுற்றிலேயே எட்டிவிடும். நின்ற இடத்திலிருந்து நம்மை முதுகோடு அழுத்துவது பெரும்பாலும் மோட்டார்தான். பற்றரி சூடேறினாலோ அதன் செல்களில் ஒன்று தளர்ந்தாலோ கணினி மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும். தொடக்க இழுவையில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும், எஞ்சின் முழு ஆரோக்கியத்தோடு இருக்கும்போதே. பற்றரி முழுவதையும் மாற்றுவதற்கு முன் செல்களின் வோல்ட்டைத் தனித்தனியே பார்க்க வேண்டும். பற்றரியைக் குளிர்விக்கும் காற்றுத் துவாரத்தைத் தூசோ, அதன்மேல் போட்ட பையோ அடைத்திருக்கிறதா என்பதை அதற்கும் முன் பார்க்க வேண்டும்.

இதே வாகனத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. வெசல், பிட் ஹைபிரிட்களின் இரட்டைக் கிளச் கியரைக் கட்டுப்படுத்தும் மென்பொருளைத் திருத்துவதற்காக ஹொண்டா 2014இல் ஜப்பானில் அவற்றைத் திரும்ப அழைத்தது, ஒரு தடவைக்கு மேல். ரீகண்டிஷனாக வந்த வாகனத்தில் அந்தத் திருத்தம் நடந்ததா என்பதைச் சேஸிஸ் இலக்கத்தைக் கொண்டு அறியலாம். மென்பொருளில் இருக்கும் குறையை ஸ்பானரால் தீர்க்க முடியாது.

சிவிடி கியர் உள்ள ஜீப்புகளில் 4,000 சுற்றுச் சத்தத்தோடு வேகம் ஏறாமல் இருந்தால் இரண்டு சாத்தியங்கள்: உள்ளே பெல்ட் சறுக்குகிறது, அல்லது ஒயில் சூடேறியதால் கணினி தடுக்கிறது. ஒயிலின் வெப்பத்தை ஸ்கேனரில் பார்த்தால் எது என்று தெரியும். சூடுதான் என்றால் சரியான தரத்து ஒயிலும், தூசு நீங்கிய ரேடியேட்டரும் பல தடவை போதும்.

கடைசியாக, யாரும் நினைக்காத ஒன்று. கடலோரக் காற்றில் பிரேக் கலிப்பரின் பின் துருப்பிடித்து இறுகினால், காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தபடியே இருக்கும். சிறிது தூரம் ஓட்டிவிட்டு, வெப்பத்தைத் தொடாமல் அளக்கும் கருவியால் நான்கு சக்கரங்களையும் அளந்து பாருங்கள். மூன்று ஒரே அளவிலும் ஒன்று மட்டும் 30, 40 பாகை கூடியும் இருந்தால் எஞ்சின் இவ்வளவு காலமும் ஒரு பூட்டிய சக்கரத்தை இழுத்துக்கொண்டிருந்தது. கையை வைத்துப் பார்க்க வேண்டாம், தோல் போய்விடும்.

திருத்தியதற்குச் சாட்சி

ஆக, ஒழுங்கு இதுதான். முதலில் தடையா இயலாமையா என்று பிரிக்க வேண்டும். தடை என்றால் அதை விதிப்பது எது என்று தேட வேண்டும். இயலாமை என்றால் காற்று, எரிபொருள், தீப்பொறி, வெளியேறும் வழி, பிறகு கியரும் பிரேக்கும். ஒவ்வொரு படியிலும் அளந்த எண் ஒன்று கையில் இருக்க வேண்டும். எண் இல்லாமல் மாற்றிய சாமான் வெறும் ஊகம்.

கராஜிலிருந்து வாகனத்தை எடுக்கும்போதும் அந்த எண்ணையே கேளுங்கள். டிரிம் 18இலிருந்து 3க்கு வந்ததா, கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் இப்போது ஒத்துப்போகின்றனவா என்று. விளக்கு அணைந்ததை மட்டும் வைத்துத் திருத்தம் முடிந்தது என்று கொள்ள முடியாது. ஸ்கேனரில் ஒரு பொத்தானை அழுத்தினாலே விளக்கு அணைந்துவிடும்.

பாவித்த ஜீப் வாங்கப் போகிறவருக்கு இது இன்னும் முக்கியம். கோட்டை அழிக்கும்போது கணினி தன் சுயபரிசோதனைகளின் முடிவுகளையும் சேர்த்து அழித்துவிடுகிறது. அவற்றைத் திரும்ப நிறைவு செய்ய அதற்குச் சில நாள் பலவிதமான ஓட்டம் தேவை. ஸ்கேனரில் 'ரெடினஸ்' என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒரு கோட்டும் இல்லை, ஆனால் பல பரிசோதனைகள் 'முடியவில்லை' என்று இருந்தால், அண்மையில் யாரோ எதையோ அழித்திருக்கிறார்கள், அல்லது பற்றரியைக் கழற்றியிருக்கிறார்கள். விலை பேசுவதை நிறுத்திவிட்டு, ஒரு கிழமை கழித்து அதே பக்கத்தைத் திரும்பப் பார்க்க வருவதாகச் சொல்லுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதித்தால் பேச்சைத் தொடரலாம்.